பன்னிரண்டு டிகிரி

ரிவால் மொலேன் தீவின் தபால் படகோட்டி. இரண்டு வருடங்களுக்கு முன்பு, தம்பி தாங்கிக்குப் படகின் திசையைக் கணக்கிட்டுக் கொடுத்தபோது, நீரோட்டத்துக்காகத் தெற்கே பன்னிரண்டு டிகிரி திருப்பச் சொல்ல மறந்தான். தாங்கியின் படகு வடக்குப் பாறையில் மோதி மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. தாங்கியின் மனைவி க்வெனோலா அதன்பின் ரிவாலோடு பேசவில்லை.

நேற்று மதியம் அவள் தபால் படகில் ஏறினாள். நீரோட்டம் நின்றிருந்த நேரம். ரிவால் நேராகவே செலுத்தினான். ஆனாலும் படகு வடக்கே ஒதுங்கியது. சுக்கானைத் திருப்பத் திருப்ப அதே வடக்குப் பாறை நெருங்கியது.

"தண்ணி அசையவே இல்லையே!" என்றான் ரிவால்.

"அன்னைக்கு ஓடுச்சு, அத்தான். அதைக் கணக்குல சேத்தீங்களா?"

க்வெனோலா எழுந்து, ஆளில்லாத பாறையை நோக்கிப் படகின் கயிற்றை வீசினாள். கயிறு தண்ணீரிலும் விழவில்லை, பாறையிலும் விழவில்லை; காற்றில் விறைத்து நின்றது. விட்டு விட்டு, ஒரு ஆள் இழுக்கும் வேகத்தில், படகு பாறையை நோக்கிப் போனது.