ஹார்ம் லூடர்ஸ் பிறந்தநாள்

அந்த ஜெர்மன் துறைமுக நகரில் பிறந்த பெரிய மனிதர்களின் பெயர்களை நூற்றாண்டு வாரியாகத் துறைமுகக் கல்சுவரில் வெட்டியவர் கல்தச்சர் டெட்லெஃப். அளவு தப்பி ஒரு வரிக்கான இடம் வெறுமையாக மிஞ்சிப்போனதை மறைக்க, ‘ஹார்ம் லூடர்ஸ், மாலுமி’ என்று இல்லாத ஒருவரைப் பிறந்த தேதியோடு வெட்டிவிட்டார். சுவரில் இருப்பவர்களின் பிறந்தநாளில் கப்பல்கள் சங்கு ஊதும். முப்பது வருடம் ஹார்முக்காக எழும் அந்தச் சத்தத்துக்குக் கூனிக்குறுகியவர், இந்த வருடம் சங்கு ஓய்ந்ததும் பெயரைச் சுரண்டிவிட உளியோடு வந்தார்.

அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். “போன வருஷம் இதே நாள்லதான் இவன் பொறந்தான். அதான் ஹார்ம்னே பேர் வெச்சோம். அந்த மனுஷர் எப்படிப்பட்டவருங்க?”

குழந்தை எழுத்தின் பள்ளத்தில் விரலை விட்டுச் சிரித்தது.

டெட்லெஃப் உளியைக் கோட்டுக்குள் தள்ளினார். “யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்லம்மா” என்றார்.