நரியா, ஆந்தையா?

"ஆந்தையெல்லாம் ஒரு ஆளாக்கா? தூங்கி வழியுது. எங்க நரியைப் பாரு, வாய் ஓயாது!"

முகத்தைக் காட்டாமல், கார்ட்டூன் உருவத்தில் நேரலைக்கு வரும் இருவரை வைத்து அந்த வீட்டில் தினமும் சண்டை.

"நரி எப்பப் பாரு கெக்கேபிக்கேன்னு சிரிக்குது. ஆந்தை நாம சொல்றதைக் காது குடுத்துக் கேக்கும். அழுதா அழ விடும்," என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

"மாமா தவறினதுலேர்ந்து நீயே ஆந்தைதானே!" சொல்லிவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சரி, வேலைக்கு நேரமாச்சு."

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஏதோ கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலை என்று அவன் நினைப்பு. நரி வரும் நேரம்; அவன் ஹெட்போனை மாட்டினான்.

உள்ளே அக்கா குரலை மாற்றும் மென்பொருளைப் போட்டு, கேமரா முன் உட்கார்ந்தாள். அவள் முகம் அசைவதைப் பார்த்துத்தான் திரையில் நரியின் முகமும் அசையும். முகம் ஒத்துழைக்காத நாளுக்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நரி சிரிக்கும். கணவன் போனபின் எல்லா நாளும் பொத்தான்தான்.

"என்ன வாலுங்களா, எல்லாரும் வந்தாச்சா?"

முதல் செய்தியே தம்பியுடையது.

"நரி, இன்னைக்கு ஒரு தடவை எங்கக்காவுக்காகச் சிரிங்க. அவ ஆந்தை கட்சிதான். ஆனா அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

அக்காவின் விரல் பொத்தானுக்குப் போனது. அதற்குள் திரையில் நரி சிரித்துக்கொண்டிருந்தது.