குறையாத ஆயில்

"வண்டியை வித்துடுங்க சார். எனக்கு இதுல கை வைக்கவே ஒரு மாதிரியா இருக்குதுங்க."

மெக்கானிக் அஜ்மல் இப்படிச் சொல்வான் என்று விஜயகுமார் எதிர்பார்க்கவில்லை. ஏற்காட்டில் செத்துக் கிடக்கிற ஜீப்பைக்கூடத் தட்டி எழுப்புகிறவன் அவன்.

"ஏம்ப்பா, எஞ்சின் போயிடுச்சா?"

"போயிருந்தாத் தேவலைங்க. மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுன ஸ்போர்ட்ஸ் கார். பின்னாடி பாருங்க, நீலப் புகை. உள்ள ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டராவது குடிக்கோணும்."

அஜ்மல் ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினான். மேல் கோடு வரைக்கும் ஆயில் பளபளத்தது.

"எட்டு மாசமா இப்படியே நிக்குது. போன வாரம் சோதனைக்குன்னு அரை லிட்டர் உறிஞ்சி எடுத்துப் போட்டனுங்க. இன்னைக்கு மறுபடியும் மேல் கோட்டுல நிக்குது. நீங்களும் ஊத்தலை, நானும் ஊத்தலை. எங்கிருந்துங்க வருது?"

விஜயகுமார் சிரித்துச் சமாளித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்தச் சிவப்புக் காரை அவர் பத்து மாதத்துக்கு முன்பு வாங்கியது, அதே தெருவில் இருந்த டோமினிக்கிடம். "சொட்டு ஆயில் குடிக்காதுங்க" என்று சொல்லித்தான் டோமினிக் விற்றார். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்றார். இரண்டு மாதத்தில் படுத்த படுக்கையாகி, போயும் சேர்ந்துவிட்டார்.

சொட்டு ஆயில் குடிக்காத கதையை விஜயகுமார் பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், ஏதோ அவரே அந்த எஞ்சினைப் பெற்று வளர்த்த மாதிரி.

அஜ்மல் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெருமையெல்லாம் பயமாக மாறியது. ஒரு நாள் காலையில், பனியில் நனைந்த பானட்டின் மேல் நாலு விரல் தடம் இருந்தது. சேலத்துக்கு வளைவு வளைவாக இறங்கும்போது, பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. விஜயகுமார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

இனி தாங்காது என்று விளம்பரம் கொடுத்தார். ஆத்தூரிலிருந்து ஆரோக்கியதாஸ் என்ற இளைஞன் பேசினான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறதாம்.

"இவ்வளவு ஓடின வண்டி. எஞ்சின் எப்படிங்க சார்?"

"சொட்டு ஆயில் குடிக்காது தம்பி" என்றார் விஜயகுமார். மற்றதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாங்குகிறவன் அதையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போகட்டும்.

அவன் வண்டி பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. வண்டியைத் துடைத்து வைக்கலாம் என்று விஜயகுமார் கார் கொட்டகைப் பக்கம் போனார்.

பானட் திறந்து நின்றது.

ஓர் உருவம் எஞ்சினுக்குள் குனிந்திருந்தது. அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உருவம் இருமியது. நன்றாகத் தெரிந்த இருமல். அவர் வீட்டைப் பெருக்கித் துடைக்க வெள்ளக்கடையிலிருந்து வருகிற மருதாயி. கையில் டப்பா. மட்கார்டு மேல், தொலைந்துபோன அந்த இரண்டாவது சாவி.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"என்ர வண்டியிலயே ஆயில் திருடறியா? உன்னை நம்பி ஊட்டை விட்டிருக்கேன். இன்னையோட நின்னுக்க. போலீஸ்லயும் சொல்லப் போறேன்."

மருதாயி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி.

"எடுக்கலைங்கய்யா. ஊத்தறனுங்க."

"என்னது?"

"முன்ன டோமினிக் ஐயா ஊட்டுலயும் நான்தானுங்க வேலை. இந்த எஞ்சின் நொம்ப ஆயில் குடிக்குமுங்க. அதை மறைச்சு உங்களுக்கு வித்துப்போட்டாரு. அப்புறம் மனசு கேக்கலை. நீங்க மலை இறங்கறப்பல்லாம் படுக்கையில எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. ஆயில் வத்தி, வளைவுல எஞ்சின் பிடிச்சுக்கிட்டா ஆள் உசுரு போயிருமேன்னு புலம்புவாரு. வண்டிச் சத்தம் திரும்பி வந்தாத்தான் கஞ்சி குடிப்பாருங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லத் துணியலைங்க. சாகறதுக்கு முந்தி டப்பாவெல்லாம் வாங்கி வெச்சு, சாவியையும் குடுத்துட்டாரு. வாராவாரம் கம்பியை உருவிப் பாரு, மேல் கோடு வரைக்கும் ஊத்துன்னு கத்துக் குடுத்தாருங்க. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். இன்னும் ஒம்போது டப்பா ஊட்டுல கெடக்குதுங்க."

விஜயகுமாருக்கு உடம்பு லேசானது. பேயுமில்லை, ஒன்றுமில்லை. எட்டு மாதமாக அவர் உயிரோடு மலை இறங்கி ஏறியது இந்தப் பொம்பளையின் புண்ணியம். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

கேட்டுக்கு வெளியே பைக் ஹாரன் கேட்டது. ஆரோக்கியதாஸ், சொன்ன நேரத்துக்கு முன்பே, மனைவியோடு வந்து இறங்கிவிட்டான். புது மஞ்சள் கயிறு மாதிரி இருவர் முகத்திலும் சந்தோஷம்.

விஜயகுமார் அவசரமாக பானட்டை மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

"மருதாயி, ஆயில் சமாச்சாரம் இந்த ஆத்தூர்க்காரங்ககிட்ட மூச்சு விடாத."

மருதாயி காலி டப்பாவை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு விக்கற அன்னைக்கு டோமினிக் ஐயாவும் இதேதானுங்க சொன்னாரு."

சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆத்தூருக்குக் காலையில முத பஸ் எத்தனை மணிக்குங்கய்யா?"