பாதி துலக்கிய மணி

"இந்த மணி நம்ம கோயிலுக்கு வேணாம் பெரியப்பா."

ஜோசப்பின் சாக்கைப் பிரித்து மணியைக் கோயில் வாசற்படியில் வைத்தாள். பாதி தங்கமாய் மின்னியது. மறுபாதியில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது. லோரன்ஸ் விளங்காமல் பார்த்தார். அவள் அவருடைய தம்பி மனைவி. மகள் டிலுக்ஷி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அவர் பெரியப்பாதான்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பழைய மணி விரிசல் விட்டு நாலு வருடமாகிறது. கமிட்டித் தலைவர் என்று பெயர்தான். பூசைக்கு ஆள் கூப்பிட லயம் லயமாக, வாசல் வாசலாக நடப்பது லோரன்ஸின் கால்கள். கினிகத்தேனைப் பழைய சாமான் கடையில் இந்த மணியைத் தட்டிப் பார்த்த நாளிலிருந்து அதன் நாதம் அவர் காதை விட்டுப் போகவில்லை. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம்தான். அன்றைக்கு அடித்தே தீருவது என்று, நேற்றுப் புளி போட்டுத் துலக்கச் சொல்லி ஜோசப்பினிடம் கொடுத்தார்.

"ஏம்மா, எங்கயும் ஓட்டையா?"

"துலக்கத் துலக்க எழுத்து வந்துச்சுங்க. கப்பல் பேரு. டிலுக்ஷி போன்ல தேடிப் பாத்தா. அந்தக் காலத்து யுத்தத்துல, மட்டக்களப்புக் கடல்ல குண்டு போட்டு முழுகடிச்சுட்டாங்களாம். பதினாறு பேரு உள்ளேயே போயிட்டாங்க. அது கப்பல் இல்லீங்க, கல்லறை. களவா எறங்கிக் கழட்டிக்கிட்டு வந்து விக்கிறாங்க."

கூட நின்ற கமிட்டிக்காரன் ஜூலியன் சிரித்தான். "செத்து எம்பது வருஷமாச்சு அக்கா. மணியக் காணோம்னு எந்திரிச்சு வரப்போறாங்களா?"

"ஒங்க அப்பா கல்லறைச் சிலுவையப் புடுங்கி ஒருத்தன் கோழிக்கூடு கட்டுனா, செத்து இருவது வருஷமாச்சுன்னு விட்டுருவியா தம்பி?"

ஜூலியன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்தான். "புருசன் போன எடம் தெரியல. கப்பல்காரனுக்குப் பரிஞ்சு பேச வந்துட்டா."

லோரன்ஸுக்குச் சுருக்கென்றது. ஏழு வருடத்துக்கு முன், கிழக்கே ஒரு மாச வேலை என்று பஸ் ஏறிய தம்பி ஜெரோமி திரும்பவே இல்லை. அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தோட்டமே பேசியது. ஜோசப்பின் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கொழுந்து பறித்து மகளைப் படிக்க வைத்தாள். கல்லறைத் திருநாளில் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் புல் செதுக்கி வெள்ளையடிக்கும்போது, அவள் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டுப் போவாள். அது கல்லறை இல்லாத ஆத்துமாக்களுக்கு ஏற்றும் இடம். அவளைப் பெற்றவர்கள் இறம்பொடையில் அடக்கமானவர்கள். இங்கே அவளுக்கு வேறு இடமும் இல்லை.

லோரன்ஸ் தம்பியின் போட்டோவை, அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே சுவரிலிருந்து கழற்றிவிட்டார். அவன் பெயரை இனி என் வாயால் சொல்வதில்லை என்றார். இன்றுவரை சொல்லவுமில்லை.

"இப்ப என்னம்மா செய்யணுங்கிற?"

"ஃபாதர்கிட்டக் குடுத்துப் பொறுப்பான எடத்துல சேத்துருங்க. யாருகிட்ட வாங்குனாருன்னு கடைக்காரரும் சொல்லட்டும். வாங்க ஆளு இருக்கிற வரைக்கும் கப்பலை அறுத்துக்கிட்டேதான் இருப்பாங்க. உள்ள இருக்கிறவங்களை யாரும் கலைக்கக் கூடாதுங்க." அவள் சாக்கை மடித்துக்கொண்டாள். "அப்புறம், அவங்க பேரைத் திருநாள் பூசையில வாசிக்கணும். நீங்கதான் வாசிக்கணும்."

லோரன்ஸ் மணியை விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டினார். அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி இவளுக்குச் செய்த அநியாயத்துக்கு இதையாவது செய்வோம் என்று மனசு சொன்னது.

"சரிம்மா," என்றார்.

திருநாளன்றும் அவர் லயம் லயமாக நடந்துதான் ஆள் கூப்பிட்டார். மணியை அதிகாரிகள் பொறுப்பேற்றுவிட்டார்கள், கப்பல் பக்கம் கடற்படைப் படகு ரோந்து போகிறது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். பனி இறங்கிய கல்லறைத் தோட்டத்தில், பெரிய சிலுவையருகே, லோரன்ஸ் ஜோசப்பின் கொடுத்த தாளைப் பிரித்தார்.

பெயரும் தொழிலுமாக டிலுக்ஷி அழகாக எழுதியிருந்தாள். வாயில் நுழையாத பெயர்களைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். ஒருவர் சமையல்காரர். ஒருவர் எஞ்சினுக்குக் கரி போட்டவர். ஒருவனுக்குப் பதினெட்டு வயது. கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் "இளைப்பாற்றி அருளும் ஆண்டவரே" என்றது.

பதினாறு பெயரும் முடிந்தது. அடியில் ஜோசப்பினின் கோணல் எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது.

'ஜெரோமி, அக்கரப்பத்தனை. பித்தளை கழட்ட அந்தக் கப்பலுக்குள்ள எறங்கி, மேல வராதவர்.'

லோரன்ஸ் ஏழு வருடத்துக்குப் பிறகு தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். தொழிலை மட்டும் வாசிக்கவில்லை.