வாசற்படி

மெகா சீரியலில் பத்மஜா மருமகளாக நடித்த காலமெல்லாம், புகுந்த வீட்டு வாசற்படியில் அவள் ஒரு கால் வைத்ததுமே ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். மறுநாளும் அதே படி, அதே கால்.

இப்போது வெப் சீரிஸ். முதல் ஷாட்டிலேயே, பழக்கதோஷத்தில் படியில் கால் வைத்து, கண்ணை விரித்து, அப்படியே நின்றாள்.

“ஏன் மேடம் நின்னுட்டீங்க?” என்றாள் இயக்குநர் நஸ்ரின்.

“மூஞ்சிய மூணு தடவ காட்டணும்ல?”

“மொத்தக் கதையே எட்டு எபிசோடுதான் மேடம். உள்ள போங்க.”

பத்மஜா அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். மாமியார் வசனத்துக்கு வாயெடுப்பதற்குள் கூடத்தைக் கடந்தாள், பூஜையறையைக் கடந்தாள், கொல்லைக் கதவை விரியத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள்.