சொந்தக் காணியில் ஒரு ஷெட்

கட்டிட அனுமதி அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

வீட்டு விலாசம் சரி. காணியின் அளவு சரி. உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பேர்கள்.

கருணைநாதன். யோகநாதன்.

அவளுடைய கணவரும் கணவரின் தம்பியும்.

கட்டிடக் கம்பனி எதுவும் இல்லாமல் தானே முன்னின்று கட்டுகிற அனுமதி காணிக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். அதற்கென்று எழுதிய சோதனையில் நல்ல புள்ளிகள் எடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தாள். அந்தப் பாராட்டுத்தான் தாங்கவில்லை.

சிட்னிக்கு வந்த நாள் முதல் சமையலறையில்தான் மிளகாய் வறுத்தாள். சட்டி சூடாகும் முன்பே கூரையிலிருந்த புகைமணி ஊரைக் கூட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் தீயணைப்புப் படையையே அழைத்துவிட்டார். அதனால்தான் வீட்டுக்குப் பின்னால், பின்வளவில் ஒரு ஷெட். தூள் வறுக்க, அரைக்க, பைகளில் அடைக்க. அவளுக்கென்று ஒரு கதவு, ஒரு சாவி.

அந்தச் சோதனைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், படித்தாள். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, அகராதியும் கையுமாக. அத்திவாரம், மழைநீர் வடிகால், மூலைமட்டம் பார்ப்பது எல்லாம் தலைகீழ்ப் பாடம். பொறுக்காமல் பின்வளவில் நாலு முளை அடித்து நூலும் கட்டிவிட்டாள்.

படிக்கும்போது கணவர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்.

ஒவ்வொரு கோப்பையும், காணியில் அவள் பேர் இல்லை என்று தெரிந்துகொண்டே வைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஊரில் இருந்த கொக்குவில் வீடு நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதை விற்றுத்தான் இந்தக் காணி. வீடு அவள் பேரில் இருந்தாலும் கணவர் கையெழுத்து வைக்காமல் விற்க முடியாது என்பது அங்கத்தைய சட்டம். அவர் வைத்தார். இங்கே வாங்கிய அன்று அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். நீர் அலைய வேண்டாம், எல்லாம் நான் பார்க்கிறேன் என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தாள். வீடென்றால் பெண்ணின் பேரில்தான் இருக்கும் என்று கண்டு வளர்ந்தவள். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஹோல் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணியில் தன் பேர் ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். தம்பி வேறு நான் வேறா, பேரிலே என்ன இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னார். அப்படியானால் ஆறு கிழமையும் ஏன் வாய் திறக்கவில்லை என்றாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீர் பாஸ் பண்ணுவீர் எண்டு நான் நினைக்கேல்லையப்பா."



பின்வளவுக்குப் போனாள். நாலு முளைகளையும் பிடுங்கினாள். நூலைச் சுற்றி எடுத்தாள். அளவுநாடாவைப் பிடித்து, இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரை அளந்தாள்.

சரிபாதியில் ஒரு முளையை அடித்தாள்.

படித்த படிப்பு வீண்போகவில்லை. மட்டம் இம்மியும் பிசகாமல் நூலை இழுத்துக்கொண்டு பின்கதவால் உள்ளே வந்தாள். சமையலறை. சாப்பாட்டு மேசை. ஹோல்.

நூல் சோபாவுக்கு முன்னால் வந்து நின்றது.

"காலை ஒருக்கா எடுங்கோ," என்றாள்.