சரிவில் ஒரு பரீட்சை

சரிவின் உச்சியில் சக்கரப் பலகைமேல் நின்றவன் கீழே எட்டிப் பார்த்தான்.

"நேத்து மாதிரி இன்னைக்கும் சொதப்புனே, வேலை காலி!" என்று கீழேயிருந்து கத்தினார் முதலாளி. பல வருடம் மூடிக்கிடந்த ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்கான உடைக் கம்பெனியை அவர் மறுபடி திறந்தபோது கிடைத்த வேலை அது. விட்டால் வேறு கதியில்லை.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். வளைந்தான், நெளிந்தான், கடைசியில் சிலை மாதிரி வந்து நின்றான். வேடிக்கை பார்த்த தையல்காரர்கள் கைதட்டினார்கள்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"முழங்கால்ல ஒரு நூலாவது பிரிஞ்சிருக்காய்யா?"

"ஓட்டி ஓட்டிப் பழகிடுச்சு சார். விழவே வரமாட்டேங்குது."

"'நிஜமாவே விழுந்து கிழிஞ்ச பேண்ட்'னு ஊரெல்லாம் விளம்பரம் பண்ணி வெச்சிருக்கேன். மறுபடி ஏறுய்யா! நீ விழுந்தாத்தான் கம்பெனி நிக்கும்!"